கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்

நங்கூரம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இடுப்பளவுத் தண்ணீரில் காலை ஊன்றி நின்றாரானால் எந்த அலையும் அவரை ஓரடி நகர்த்தாது என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். பதினெட்டு வருஷமாக ஒரே கடற்கரையில், ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று, புதிதாக வருகிறவர்களுக்குச் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறார். நாற்பத்தொரு வயது. ஒட்டிய வயிறு, வெயிலில் வெளுத்த புருவம், எப்போதும் சிவந்திருக்கும் கண்கள். நான் அவரிடம் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் பாடம் படித்தேன். அந்த ஒரு பாடத்தில் அவருடைய வேலையையும் நிறுத்தினேன், என்னுடைய இருபத்தாறு வருஷத் தொழில் கர்வத்தையும் தொலைத்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் கண் பார்வை சோதிப்பது என் வேலை. ஐம்பத்திரண்டு வயது, முழங்காலில் வலி, மூக்குக்கு மேல் கோபம். பலகை மேல் ஏறிக் கடலில் நிற்கும் ஆசை எனக்கு எந்த ஜென்மத்திலும் இருந்ததில்லை. எல்லாம் என் நாத்தனார் பண்ணின வேலை. ஒரு வாரம் தங்க வந்தவள், கைபேசியில் யாரோ அலை மேல் நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே இரண்டு பேருக்கு இடம் பிடித்துவிட்டாள்.

"அண்ணி, நீங்க வரலன்னா நானும் போக மாட்டேன்."

"போகாதே. நல்லதாப் போச்சு."

"உங்க வயசுல யாரும் செய்யாததைச் செய்யலாம்ல?"

"என் வயசுல யாரும் செய்யலன்னா அதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்."

என் வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அண்ணனும் தங்கையும் ஒன்று சேர்ந்துவிட்டால் அந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கடற்கரையில் நின்றேன்.

நங்கூரத்தின் தகரக் கொட்டகை படு சுத்தமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையே என்று அதற்கும் ஒரு எரிச்சல். பலகைகள் நீளவாரியாக மரச்சட்டங்களில் படுத்திருந்தன. ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீர், பக்கத்தில் பலகைக்குத் தேய்க்கும் மெழுகுக் கட்டிகள் ஒரு டப்பாவில், கொடியில் அளவுவாரியாகச் சட்டைகள். எல்லாச் சட்டையும் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. அவர் எங்களிடம் ஆளுக்கு ஒன்று நீட்டினார். நாத்தனார் அதைத் தொடவே இல்லை.

"இந்தக் கலர் எனக்கு எடுக்காதுண்ணா. போட்டோவுல முகம் கறுத்துடும்." அவள் போட்டிருந்தது சாம்பலும் நீலமும் கலந்த பனியன். இதற்கென்றே மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியது.

"போட்டுக்கிட்டா நல்லதுங்க," என்றார் அவர்.

"பரவால்லண்ணா."

அவர் வற்புறுத்தவில்லை. "அப்படின்னா உங்க முறை வர்ற வரைக்கும் மேல மணல்லயே இருங்க. தண்ணி ஓரத்துல நிக்காதீங்க," என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகம் அவளுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளியே இருந்தது. பெண்பிள்ளைகளை உற்றுப் பார்த்துப் பேசாத மனிதர், நல்ல பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து என் மூக்குக்கண்ணாடிக்கு வந்தார். "அதைக் கழட்டிக் கொடுத்துடுங்கக்கா. கடல் வாங்கிக்கிட்டா திருப்பித் தராது." கழற்றி நாத்தனாரிடம் கொடுத்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் ஓர் அடிக்கு அந்தப் பக்கம் எனக்கு எல்லாமே கலங்கல்தான். அவர் ஏதோ யோசித்தவர்போல நின்றுவிட்டுக் கேட்டார்: "கண்ணாடி இல்லாம தூரத்துல தெரியுமாக்கா?"

"ஓ, தெரியுமே," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், திமிர். வேறு காரணம் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குக் கண் பார்க்கிறவள், எனக்கே கண் தெரியாது என்று ஒரு கடற்கரை ஆளிடம் சொல்லிக்கொண்டு நிற்பதா? அந்த ஒரு பொய்க்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மணலில் கோடு கிழித்து அரை மணி நேரம் பாடம் நடந்தது. குப்புறப் படு, கையை ஊன்று, ஒரே தாவலில் எழுந்து நில். நான் தாவவில்லை, தவணை முறையில் எழுந்தேன். முதலில் ஒரு முழங்கால், பிறகு இன்னொன்று, பிறகு ஒரு பெருமூச்சு. நாத்தனார் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்தேவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. என் காலடிச் சத்தத்தைக் கேட்கிறவர்போலக் குனிந்திருந்து, "இடது கால் லேட்டா வருது. முழங்கால்ல வலியா?" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு மதிப்பு வந்தது. என் வீட்டுக்காரருக்கு அந்த வலியைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

தண்ணீருக்குள் அவருடைய முறையே தனி. மற்றவர்கள் தாங்களே கடலைப் பார்த்து நின்று, தோதான அலை வரும்போது பலகையைத் தள்ளிவிடுவார்களாம். நங்கூரம் கடலுக்கு முதுகு காட்டி நிற்பார். கடலைப் பார்க்க வேண்டியது படிக்க வந்தவர்.

"எத்தனை வருது, எது பெருசு, எது சிறுசுன்னு நீங்கதான் எண்ணிச் சொல்லணும். அப்பதான் அலையைப் படிக்கக் கத்துக்குவீங்க. தள்ளிவிடறது மட்டும்தான் என் வேலை."

இதற்காகவே அவரைத் தேடி வருகிறார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் பலகையில் நிற்கத்தான் சொல்லித் தருவார்கள், இவர் கடலையே சொல்லித் தருகிறார் என்று நாத்தனாரும் கைபேசியில் படித்துக் காட்டியிருந்தாள். நானும் பயபக்தியோடு கடலைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது பச்சையும் வெள்ளையுமாக ஒரு கலங்கல். வாய் கொடுத்தாயிற்று, இனி பின்வாங்க முடியாது. "ரெண்டு வருது, ரெண்டாவது பெருசு," என்று அடித்துவிட்டேன். அவர் காத்திருந்தார். தண்ணீர் எங்கள் காலைப் பின்னால் இழுத்தது. "ஏறுங்க," என்றார். ஏறிப் படுத்தேன். தள்ளினார்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த வேகம் எனக்குப் பிடித்துவிட்டது. பலகை என்னைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் முறையும் அடித்துவிட்டேன், அதுவும் பலித்தது. மூன்றாம் முறை முழங்காலில் எழுந்தே விட்டேன். அலையைப் படிக்க வந்துவிட்டது என்றுகூட ஒரு நினைப்பு. உண்மையில் நான் சொன்னது எதையும் வைத்து அவர் தள்ளவில்லை. சின்ன அலைகளைத் தண்ணீர் காலை இழுக்கிற இழுப்பிலேயே அவருக்குத் தெரிந்தது. பெரியது வந்தால் மட்டும்தான் அவருக்கு இன்னொருவர் கண் தேவைப்பட்டது.

நான்காம் முறை, "ஒண்ணுதான், சின்னது," என்றேன். அவர் பலகையைத் திருப்பிப் பிடித்தார். நான் ஏறப் போனேன். அடுத்த நொடி வானம் கீழே வந்தது. எனக்கு மேல் எங்கே, கீழ் எங்கே என்று தெரியவில்லை. காதிலும் மூக்கிலும் உப்பு. பலகையையும் காலையும் கட்டியிருந்த பட்டை பிய்த்துக்கொண்டு போனதை உணர்ந்தேன். யாரோ சட்டையின் பின்கழுத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். நங்கூரம்தான். அவரே இரண்டடி நகர்ந்திருந்தார்.

"பெருசுன்னு சொல்லலையே நீங்க," என்றார் மூச்சு வாங்க.

"நீங்க பாக்கலையா?"

"நீங்க பாக்கலையா?"

என் கேள்வியையே அவர் எனக்குத் திருப்பினார். அதற்குள் கரையிலிருந்து நாத்தனாரின் அலறல். பிறகுதான் தெரிந்தது, அவள் மணலில் இல்லை. படம் எடுக்கிற சாக்கில் முழங்கால் தண்ணீருக்கு இறங்கியிருந்தாள். எட்டடிப் பலகை அலையோடு போய் அவளை ஒரு சாண் விட்டு ஈர மணலில் மூக்கைக் குத்தி நின்றது. அந்த ஒரு சாண் இல்லையென்றால் அவள் இடுப்பு எலும்பு உடைந்திருக்கும்.

எனக்கு அவள் தெளிவாகத் தெரியாதது நியாயம். என் கண்ணாடி அவள் கையில் இருந்தது. நங்கூரம் கரைப் பக்கமாக முகத்தைத் திருப்பி, கண்ணை இடுக்கி, என்னைக் கேட்டார்: "யாருக்கா கத்துறது? அங்க யாராச்சும் இருக்காங்களா?"

முப்பது தப்படி தூரம். காலை வெயில் பளிச்சென்று அடிக்கிறது. ஓர் ஆள் அங்கே கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள் என்பது எனக்கே ஒரு கறுப்புத் தீற்றலாகத் தெரிந்தது. அவருக்கு அதுகூடத் தெரியவில்லை.

கொட்டகையில் உட்கார வைத்து அவரே எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக, "தம்பி, என் முகத்துக்கு நேரா பாருங்க," என்றேன். பார்த்தார். இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருந்தது. வெயிலும் உப்புக்காற்றும் வருஷக்கணக்காக அடித்தால் கடலில் வேலை செய்கிறவர்களுக்கு இது வரும். இடது கண்ணில் ஓரத்தோடு நின்றிருந்தாலும், கருவிழியை இழுத்துக் கோணலாக்கி அந்தப் பார்வையையும் மங்கடித்திருந்தது. வலது கண்ணில் நடுவிலிருக்கும் கண்பாவையையே பாதி மூடியிருந்தது. அந்தக் கண்ணால் அவருக்கு ஆள் முகம் தெரியாது. கடற்கரைக்கே தெரிந்த அந்தச் சிவந்த கண்களைப் பார்த்து, தூங்காத கண்ணு என்று கேலி பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் காலையிலிருந்து அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"வெயில் காலத்துல கொஞ்சம் மங்கும் அக்கா. கண்ணு நல்லாத்தான் இருக்கு." பிறகு லேசாகச் சிரித்தார். "நீங்களே பாத்து எழுதிக் கொடுத்தீங்களே போன வருஷம். ஆறுக்கு ஆறு, முழுப் பார்வைன்னு. வந்ததுமே உங்க குரலைக் கண்டுபிடிச்சுட்டேன். 'அடுத்த வரி, அடுத்த வரி'ன்னு அதட்டுவீங்களே, அதே குரல்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கடலில் சொல்லிக்கொடுக்கிறவர்களும் காவல் நிற்கிறவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை கடற்கரை அலுவலகத்தில் பார்வைச் சான்று கொடுக்க வேண்டும். சான்று இல்லாமல் தண்ணீரில் இறங்கி வேலை செய்ய முடியாது. அந்தச் சான்றில் கையெழுத்துப் போடுவது எங்கள் கடை. எங்கள் கடையில் நான். இந்த வருஷத்துச் சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவர் பேச்சை மாற்றினார். ஒரு விடுதியில் நீச்சல் குளம் கழுவுகிற வேலையில் இருந்தபோது, தங்க வந்த யாரோ இரண்டாக உடைந்த பலகையைக் குப்பையில் போட்டுப் போனதைப் பற்றிச் சொன்னார். அதைப் பசையும் துணியும் வைத்து ஒட்டி, தானே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாராம். அந்த ஒட்டுப் பலகை இன்னும் கொட்டகையின் மேற்சட்டத்தில் இருந்தது.

"எனக்கு வேற வேலை தெரியாதுக்கா," என்றார் போகிற போக்கில். கெஞ்சலாகச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுந்து வாசலுக்கு வருகிறவரை அவர் கை பலகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கடைக்குப் போய்ப் போன வருஷத்துப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டும் ஆறுக்கு ஆறு, இல்லை அதற்கு அடுத்த ஆறுக்கு ஒன்பது. எல்லாம் என் கையெழுத்து. அன்றைக்கு நடந்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கடை நிறையக் கூட்டம், உட்கார இடமில்லை. இவர்களை ஒவ்வொருவராகப் பின்னறைக்குக் கூப்பிட்டால் சாயங்காலம் ஆகிவிடும் என்று நடைபாதையிலேயே நிறுத்தினேன். சுவரில் ஒரு எண் அட்டை, ஆறு மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. கோட்டில் ஒருவர் நிற்பார், அவர் முதுகுக்குப் பின்னால் மிச்சப் பேர். நான் அட்டைப் பக்கத்தில் குச்சியோடு நின்று, "அடுத்த வரி, அடுத்த வரி," என்று விரட்டினேன். ஒருவர் கண்ணிலும் விளக்கு அடித்துப் பார்க்கவில்லை. ஓர் ஆளுக்கும் அட்டையை மாற்றவில்லை. படிவ வரிசைப்படி, இருபத்தொரு பேர் உரக்கப் படித்ததைக் கேட்டுவிட்டுக் கடைசியாகக் கோட்டுக்கு வந்தவர் நங்கூரம்.

என் தொழிலில் முதல் வாரம் சொல்லித்தருகிற பாடம் அது: ஒருவர் படிப்பது இன்னொருவர் காதில் விழக்கூடாது, ஒரு கண்ணுக்குக் காட்டிய அட்டையை இன்னொரு கண்ணுக்குக் காட்டக்கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் இதைச் செய்திருந்தால் நான் கிழிகிழி என்று கிழித்திருப்பேன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இருபத்திரண்டையும் முடித்துவிட்டேன் என்று முதலாளியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

இருந்தாலும் ஒரு கோபம் மிச்சம் இருந்தது. நான் கவனிக்காதது தப்புதான், இந்த ஆள் ஏமாற்றியதும் தப்புதானே? மற்றவர் உயிரோடு விளையாடுகிறவர் நேராகச் சொல்லியிருக்க வேண்டாமா? அந்தக் கோபத்தோடுதான் வியாழக்கிழமை மத்தியானம் விடுப்புப் போட்டுவிட்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவதாகத்தான் உத்தேசம்.

சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை. குறுகலான படி, அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் செருப்புகள். அவர் வீட்டில் இல்லை, பாடம் எடுக்கப் போயிருந்தார். அவர் மனைவி விடுதிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர். மிச்சத் துணியை வீட்டிலேயே மடித்துக்கொடுப்பார். கட்டில் மேல் வெள்ளைத் துண்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. நான் கண்ணாடிக் கடையிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அவங்க? வாங்கக்கா, உக்காருங்க." துண்டுகளைத் தள்ளி இடம் பண்ணினார். "உங்களை நேர்ல பாத்து நன்றி சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"எதுக்கு?"

அவர் சுவரைக் காட்டினார். இரண்டு பெண்பிள்ளைகளின் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, என் கையெழுத்தோடு அந்தச் சான்றின் நகல் தொங்கியது.

"போன வருஷம் பூரா இவர் கண்ணைப் பாத்துப் பாத்து எனக்குத் தூக்கமே இல்லக்கா. ஆஸ்பத்திரிக்குப் போங்க, போங்கன்னு தினமும் சண்டை. கடைசில, வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கறாங்கல்ல, அவங்ககிட்டயே காட்டிக் கேட்டுட்டு வரேன்னு கிளம்பினார். மத்தியானம் இந்தக் காகிதத்தோட வந்து நின்னார். பெரியவங்க பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்கன்னார். அன்னைக்குத்தான் நான் நிம்மதியா சாப்பிட்டேன். அதுக்கப்புறம் கண்ணைப் பத்தி நான் வாயே திறக்கல."

நான் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த நாலு வார்த்தைக்கும் இனி வேலை இல்லை. அந்த மனிதர் ஏமாற்ற வரவில்லை. கண்ணைக் காட்டத்தான் வந்திருக்கிறார். காட்ட நான் நேரம் கொடுக்கவில்லை. கோட்டில் நிற்கவைத்து விரட்டிவிட்டு, நல்ல கண் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தக் காகிதத்தை நம்பி ஒரு பெண் தன் சண்டையை நிறுத்தியிருக்கிறார். அந்த ஒரு வருஷத்தில் சதை பாவையைத் தொட்டுவிட்டது.

சொன்னேன். ஒளிக்காமல், ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். நடைபாதை வரிசையையும், மாற்றாத அட்டையையும், ஞாயிற்றுக்கிழமைப் பலகையையும். சொல்லி முடிக்கும்போது எனக்கே அழுகை வந்தது, அது எனக்குப் பழக்கம் இல்லாத விஷயம். அவர் அழவில்லை. ஏற்கெனவே மடித்து வைத்த ஒரு துண்டை எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்தார்.

"அப்ப ஒரு வருஷம் வீணாப் போச்சா?"

"ஆமா."

"இப்ப போனா சரியாகுமா?"

"இடது கண்ணு தேறிடும்னு நினைக்கறேன். சதையை எடுத்துடுவாங்க. வலது கண்ணு…" அதற்கு மேல் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "டாக்டர்தான் சொல்லணும். தழும்பு நின்னுடலாம். போன வருஷமா இருந்திருந்தா ரெண்டுமே தப்பிச்சிருக்கும்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுமை குறைந்திருக்கும். "நாளைக்குக் கூட்டிட்டு வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல்வரை வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே இருவரும் வந்தார்கள். நங்கூரம் சலவைச் சட்டை போட்டு, தலையை வாரி, பரீட்சைக்கு வந்தவர்போல இருந்தார். பின்னறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். மனைவி வெளியே பெஞ்சில். முதலில் விளக்கு அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தேன், அவசரப்படாமல். பிறகு வலது கண்ணை மூடிவிட்டு, அவர் முன்பின் பார்த்திராத அட்டையை மாட்டினேன். மேல் வரியைச் சொன்னார். இரண்டாவதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூன்றாவது வரிக்கு வந்ததும் அவர் குரல் தெளிந்தது. மளமளவென்று வந்தது: "எட்டு, ரெண்டு, அஞ்சு, ஒம்போது."

அந்த வரியில் அந்த எண்கள் எதுவும் இல்லை. அது போன வருஷத்து அட்டை.

அவருக்கே ஏதோ பட்டிருக்க வேண்டும். "இது அது இல்லல்ல?" என்றார்.

"இல்ல தம்பி."

அவர் முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அட்டை இருக்கிற திக்கையே பார்த்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியுதுன்னுதான் நினைச்சேன் அக்கா. முன்னாடி நின்ன எல்லாரும் சொல்லிச் சொல்லி காதுல நின்னுடுச்சு. கோட்டுல போய் நின்னு அட்டையைப் பாத்தா, நம்பர் எல்லாம் அங்க இருக்கற மாதிரியே இருந்துச்சு. வெளிய வரும்போது அவ்வளவு சந்தோஷம். நம்ம கண்ணு நல்லாத்தான் இருக்கு, நாமதான் வீணாப் பயந்தோம்னு நினைச்சேன்."

"அதுக்கப்புறமும் கரையில ஆள் தெரியலையே. அப்ப என்ன நினைச்சீங்க?"

"வெயில்னு நினைச்சேன். தூக்கம் பத்தலன்னு நினைச்சேன். படிக்க வர்றவங்களை அலையைப் பாக்கச் சொன்னேன், ஆரஞ்சுச் சட்டை வாங்கினேன். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. அப்புறம் அது நான் சொல்லித்தர்ற முறைன்னே ஆயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க நாத்தனாருக்கு அடி ஒண்ணும் படலல்ல?"

"படல. அவ வாய்க்கும் ஒண்ணும் ஆகல."

முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். நான் வலது கண்ணைச் சோதித்தேன். மேல் வரிகூட இல்லை. ஒரு கை தூரத்தில் என் விரல்களை எண்ணினார், அதுவும் பாதி சரி. முழுவதையும் படிவத்தில் எழுதினேன். மேசையில் இன்னொரு கடிதம் தயாராக இருந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். போன வருஷம் நான் சோதித்த இருபத்திரண்டு பேரின் சான்றும் செல்லாது, சோதனையை நான் முறைப்படி செய்யவில்லை, எல்லோரையும் மறுபடி தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று கடற்கரை அலுவலகத்துக்கு எழுதியது. முதலாளிக்கு ஒரு நகல்.

"உங்க வேலை போயிடுமேக்கா," என்றார் அவர்.

"போகட்டும். உங்க வேலையை நிறுத்திட்டு என் வேலையை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது?" சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. கடிதத்தை மடித்து உறையில் போட்டேன்.

அவர் படிவத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், அதிலிருந்த எழுத்தைப் படிக்க முயன்றார். முடியாமல் மேசை மேல் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தேன். போட்டார். ஆறு மாதமோ ஒரு வருஷமோ, இல்லை இனி என்றைக்குமோ, கடலில் இறங்கி வேலை செய்ய முடியாது என்பதற்கு அவரே போட்ட கையெழுத்து அது.

எழுந்து கதவருகே போய் நின்றவர் திரும்பினார். என்னைக் குற்றம் சொல்லவில்லை, தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

"போன வருஷமே இங்க வந்து கண்ணைக் காட்டிக் கேட்டிருக்கணும் அக்கா. தப்புப் பண்ணிட்டேன்."

"நீங்க வந்தீங்க தம்பி," என்றேன். "நான்தான் பாக்கல."